உபதேசியார் வீட்டுக்குப் போன பங்கு

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடுதாசிதான், அதுவும் எல்லாரும் சௌக்கியம் என்கிற அளவுக்கு. பிழை இருக்கும். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் சொல்லிவிடுவேன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறந்து பேசியும் பழக்கமில்லை. இப்போது மறதி வேறு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத உட்கார்ந்தது கோபத்தினால்தான். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் ஒரு அம்மாள். படித்தவள், பெங்களூரில் உத்தியோகம். "அந்தக் காலத்து கோல்டு பீல்டு ஜனங்க உடும்பு, எலி, எதையும் விடமாட்டாங்களாமே, எப்படித்தான் தொண்டையில இறங்கிச்சோ" என்று சொல்லிச் சிரித்தாள். கோழிக் காலைக் கடித்துக்கொண்டே சொன்னாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் நெஞ்சு ஆறவில்லை. எப்படி இறங்கியது, யார் யார் தொண்டையில் இறங்கியது என்று நான் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயசு, இல்லை பதினொன்று. சுரங்கத்துக்குக் கரண்டு வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரண்டு சுரங்கத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக் கூலி லைனில் எங்கள் வீடு. சுவர் என்பது மூங்கில் தட்டி. ஒரு வீட்டில் பூண்டு நசுக்கினால் நாலு வீட்டுக்குத் தெரியும். நைனா, அதாவது என் அப்பா, வட ஆற்காட்டிலிருந்து பஞ்சத்துக்குப் பிறகு வந்தவர். ஆறு நாள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, அடியில் பாறையில் துளை போடுவார். அங்கே அவருக்கு மேலே ஒரு மேஸ்திரி, மேஸ்திரிக்கு மேலே ஒருத்தர், அவருக்கு மேலே துரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாருடைய சத்தமும் அவர்மேல் விழாது. அன்றைக்குத்தான் அவர் வேட்டைக்குப் போவார்.

பெரிய வேட்டை என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கி இல்லை, குதிரை இல்லை. அதெல்லாம் துரைமார்களுக்கு, அவர்கள் மானைச் சுட்டுக் கொம்பைச் சுவரில் மாட்டுவார்கள், அதை யாரும் கேலி பேசியது இல்லை. நைனாவும் அவர் ஷிப்டு கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒரு கடப்பாரை, ஒரு சாக்கு, ஒரு செவலை நாயோடு பூதிகோட்டைப் பக்கம் இருக்கிற பாறைக் குன்றுகளுக்கு நடந்து போவார்கள். நாய் மோப்பம் பிடித்து ஒரு இடுக்கின் எதிரே நின்று குரைக்கும். உள்ளே உடும்பு இருக்கும். வாலைப் பிடித்து இழுத்தால் மூச்சை உள்ளே வாங்கி உடம்பை உப்பிக்கொண்டு பாறையோடு ஒட்டிக்கொள்ளும். ஒருத்தர் வாலைப் பிடித்துக்கொண்டே இருக்க, ஒருத்தர் கடப்பாரையால் கல்லைப் பெயர்ப்பார். ஒரு மணி நேரம்கூட ஆகும். வெளியே வந்ததும் கால்களை முதுகுக்கு மேலே மடக்கி நாரால் கட்டி உயிரோடு சாக்கில் போடுவார்கள். எனக்கு அந்தக் கட்டைப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் கறியைத் தின்றேன். அம்மா மிளகும் தனியாவும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைப்பாள். கேழ்வரகுக் களியோடு அதைத் தின்றால் வாயை விட்டு ருசி போகாது. நைனாவுக்கு நெஞ்சில் பலவீனம் உண்டு, உடும்புக் கறி நெஞ்சுக்கு நல்லது என்பார்கள். மருந்து என்று சொல்லிக்கொண்டாலும் ருசிக்காகத்தான் தின்றோம்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். லைனுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கோயில். பாதிரியார் வெளியூரிலிருந்து மாசத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் ராஜ்யம்தான். அவர் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். வந்த வருஷமே ஒரு சட்டம் போட்டார். உடும்பு, எலி, பெருச்சாளி தின்கிறவர்கள் பாதிரியார் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துப் பந்தியில் முழங்கால் போடக் கூடாது. அசுத்தமான பிராணிகளாம். துரைசானிகள் நம்மைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களாம். யார் யார் பந்திக்கு வரலாம் என்று ஒரு புத்தகத்தில் பெயர் எழுதி வைத்திருந்தார்.

அந்த வருஷம் என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸ், எங்கள் கோயில் சபைதான், ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலை. கோயில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னே மூன்று ஞாயிறு இரண்டு பேருடைய பெயரையும் சபைக்கு வாசிக்க வேண்டும். அதை ஓலை வாசிப்பது என்போம். மூன்றாவது ஓலைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கல்யாணம். புதன்கிழமை லெந்து என்கிற தபசு காலம் பிறந்துவிடும். பிறந்தால் நாற்பது நாளைக்குக் கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா அவ்வளவு நாள் காத்திருக்கிறவள் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்கு அதே மாப்பிள்ளையை முதலில் கேட்டிருந்தாள், கிடைக்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று மூக்கைத் தட்டியிலேயே வைத்திருந்தாள்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு, கோயில் முடிந்து நைனா வேட்டைக்குப் போனார். மத்தியானக் கஞ்சியை அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது சாக்கில் உடும்பு விழுந்திருந்தது. நல்ல பெரிசு. அவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது உபதேசியார் குடையும் பையுமாக அந்த வழியாகக் கிராமத்துக்குப் பிரசங்கம் பண்ணப் போகிறவர், எங்களைக் கண்டு பாதையை விட்டு இறங்கி வந்தார்.

"ஓய்வுநாள் அதுவுமா இங்க என்னவே செய்தீரு?"

"சும்மா இப்டி வந்தோம் ஐயா," என்றார் நைனா.

"சாக்குல என்ன?"

சாக்கு அசைந்தது.

"மொசலு ஐயா."

உள்ளே இருந்து உடும்பு புஸ்ஸென்று சீறியது. ஒரு கூட்டாளி சட்டென்று இருமத் தொடங்கினார். சுரங்கத்து ஆளுக்கு இருமலைத் தேடிப் போக வேண்டியதில்லை.

"முயலா?" என்ற உபதேசியாரின் முகம் கொஞ்சம் இளகியது. "ஓய்வுநாள்ல வேட்டை ஆகாதுவே. சரி, பிடிச்சது பிடிச்சாச்சு. இனிமே வேண்டாம்." சாக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். முயல் அவருடைய சட்டத்தில் இல்லை.

பொய்யோடு விட்டிருந்தால் போயிருக்கும். ஆனால் எங்கள் ஜனத்துக்குள் வேட்டைக்கென்று ஒரு முறை இருந்தது. பிடித்த மிருகத்தின்மேல் கத்தி வைக்கும் முன்னே எதிரே யார் வந்து நின்றாலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. பகையாளியானாலும் உண்டு. கொடுக்காவிட்டால் நாய்க்கு மூக்கு அடைத்துப்போகும், அப்புறம் மோப்பம் பிடிக்காது. இதை நைனா வேதத்துக்கும் மேலே நம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து கறியைப் பங்கு வைத்தபோது தனியாக ஒரு கூறு ஒதுக்கினார். அம்மா கேட்டாள்.

"அது இன்னாத்துக்கு?"

"ஐயா வந்து நின்னாரு. அவரு பங்கு."

"இன்னாய்யா, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? மொசலுன்னு சொல்லிட்டு ஒடும்ப அனுப்புறியா?"

"தோலை உரிச்சிட்டா கறி கறிதான். யாருக்குத் தெரியும்?"

"பொண்ணுக்கு இன்னும் ஒரு ஓலை பாக்கி கீது. மறந்துட்டியா? பங்குதான் குடுக்கணும்னா நம்ம கோழி கீதே, அத்த அறுத்து அனுப்பு."

"பங்குன்னா அந்தக் கறியிலதான் போவணும். கோழி குடுத்து யாரை ஏமாத்தறது?"

உபதேசியாரை ஏமாற்றலாம், வழக்கத்தை ஏமாற்றக் கூடாது என்பது அவர் நியாயம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவர்மேல் எரிச்சல் வருகிறது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா மூலையில் உட்கார்ந்து கல்யாணச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள், ஊசி நின்றது. புரச இலையில் சுற்றிய பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்கள். "கேட்டா மொசலுன்னு சொல்லு" என்றார் நைனா.

உபதேசியார் மனைவி வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் விடமாட்டாள்.

"என்ன கறிட்டி? முயலா?"

தலையை ஆட்டினேன்.

புதன்கிழமை குழாயடியில் அந்த அம்மாள் பத்துப் பெண்களுக்கு நடுவில் பெருமை பேசினாள். "ஞாயித்துக்கிழம முயல் கறி வந்திச்சு பாருங்க, இந்த ஊருக்கு வந்து அப்படி ஒரு கறி தின்னதே கெடையாது. கோழி மாதிரி வெள்ளையா, பஞ்சு கணக்கா. அவுக மூணு தடவ கேட்டு வாங்கித் தின்னாக."

பக்கத்து வீட்டுக்காரி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "மொசலா? நல்லாத் துன்னீங்களா? துன்னுங்க, துன்னுங்க." அதற்கு மேல் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. நான் வரிசையில் பின்னால் நின்றிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு ஓடினேன். கூரைமேல் நைனா காய வைத்திருந்த உடும்புத் தோலைக் காணோம்.

மூன்றாவது ஞாயிறு. கோயிலில் ஓலை வாசிக்கிற நேரம் வந்தது. உபதேசியார் வேறு ஒரு ஜோடியின் பெயரை வாசித்தார். காகிதத்தை மடித்தார். பாட்டு நம்பர் சொன்னார். அக்கா பெயர் வரவில்லை. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பாட்டை யாரும் ஒழுங்காகப் பாடவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வாசற்படியில் நின்றுவிட்டார்கள், ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா நேரே போய்க் கேட்டாள்.

"எங்க பொண்ணு ஓலை இன்னா ஆச்சுங்க ஐயா?"

"அசுத்தத்தைத் தின்னுட்டு பந்திக்கு வந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் ஓலை வாசிக்கணுமா?"

பக்கத்து வீட்டுக்காரி இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி முந்தானையிலிருந்து தோலை எடுத்துப் படியில் விரித்துப் போட்டாள். "இதான் இவங்க புடிச்ச மொசலு. வாலைப் பாருங்க, எம்மா நீளம்!"

சிரிப்பு எழுந்தது. அம்மாவுக்கு முகம் கறுத்தது. அவள் பயந்தவள் இல்லை, அந்தக் குணம் எனக்கு வரவில்லை.

"ஒடும்புத் தோலு அவ்ளோ அசுத்தமா?" என்று கேட்டாள். "உள்ளே பாட்டுக்குத் தட்டறாரே கஞ்சிரா, அதுக்குப் போட்டிருக்கறது இன்னா தோலு? ஆட்டுத் தோலா? சொல்லுங்க. சாமி முன்னாடி தட்டலாம், சட்டியில போடக் கூடாதா?"

கஞ்சிரா வாசிக்கிறவர் அங்கேதான் நின்றிருந்தார். கஞ்சிராவை மெதுவாக முதுகுக்குப் பின்னே கொண்டுபோனார். இப்போது சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. உபதேசியாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "நாவை அடக்கு!" என்று கத்தினார். அம்மா சொன்னது சரிதான். ஆனால் அது அக்காவுக்கு உதவவில்லை, அவரை இன்னும் கெட்டிப்படுத்தியது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கனத்த சரீரம், கனத்த குரல். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

"ஒடும்பு துன்னா இன்னா இப்போ?" என்றாள். "எங்க மாமனாரு துன்னாததா? இங்க நிக்கறவங்கள்ல துன்னாதவங்க கையத் தூக்குங்க பாக்கலாம்." யாரும் தூக்கவில்லை. அவள் அம்மாவிடம் திரும்பினாள். "என் வயித்தெரிச்சல் வேற. சம்பந்தி வூடுன்னு நாங்க ஒருத்தர் கீறோமே, ஒரு துண்டு வந்திச்சா? ஐயா வூட்டுக்கு மட்டும் போச்சு! அவரு மூணு தபா வாங்கித் துன்னாராமே!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அதுவரை அந்தக் கறி யார் வயிற்றுக்குள் போனது என்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உபதேசியார் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஐயா," என்று மாப்பிள்ளையின் அம்மா கடைசியாகச் சொன்னாள், "ஓலைய இன்னிக்குப் படிச்சா செவ்வாக்கெழமை கல்யாணம். படிக்கலையா, லெந்துக்கு அப்புறம் நான் வேற வாசல் பாத்துக்கறேன். எம் புள்ளைக்குப் பொண்ணா கெடைக்காது?" சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியின் மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

உடும்பு தின்றவர்கள் பந்திக்கு வரக் கூடாது என்றால் உபதேசியார் எப்படி வருவார்? அந்தச் சட்டம் இப்போது அவர் கழுத்தைத்தான் சுற்றியிருந்தது. சுற்றிப் பார்த்தார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார்.

"ஏட்டி, நீதான கொண்டு வந்த? முன்னால வா. எங்க வீட்டுக்கு நீ கொண்டு வந்தது முயல்தான? பயப்படாமச் சொல்லு."

எல்லாருடைய கண்ணும் என்மேல். அவர் குரல் அவ்வளவு இனிப்பாக இருந்து நான் கேட்டதே இல்லை. அம்மாவின் கை என் முதுகில் வந்து அழுத்தியது. வேப்ப மரத்தடியில் அக்கா முக்காட்டுக்குள் நின்றிருந்தாள், அவள் பாதம் மட்டும் தெரிந்தது, விரல்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. நைனாவைப் பார்த்தேன். உபதேசியாரைத் தப்பவிட்டால்தான் ஓலை கிடைக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சொல்லும்மா," என்றார் நைனா. "ஐயா கேக்கறாரு இல்ல."

தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்லு."

"மொசலு," என்றேன்.

"கேட்டீங்களா எல்லாரும்?" உபதேசியாரின் முதுகு நிமிர்ந்தது. "எங்க வீட்டுக்கு வந்தது முயல். அப்படின்னா இந்தத் தோலுக்குள்ள இருந்தது இவரு வீட்டுச் சட்டியில போனது." தோலைக் காலால் தள்ளினார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். அவர் நாக்குக்கே தெரியும். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். முதலில் அக்கா பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்தார். மூன்றாம் முறை, தடை இருந்தால் சொல்லலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரி வாயை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதே மூச்சில் நைனா பெயரைச் சொல்லி, அசுத்தமானதைத் தின்றும் அதை மறைத்தும் பந்திக்கு வந்ததற்காக அவர் பெயர் புத்தகத்திலிருந்து அடிக்கப்படுகிறது என்று வாசித்தார். கையில் காகிதம் இல்லை. வெறும் கையைப் பார்த்தே வாசித்தார்.

நைனா எழுந்து வெளியே போனார். செவ்வாய்க்கிழமை அக்கா கல்யாணத்துக்கு வந்தார், வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கிற நேரம் பார்த்து நாயை அவிழ்ப்பார். கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் போவார், வேறு வழி இருந்தும். மாப்பிள்ளையின் அம்மா வாராவாரம் சாயங்காலம் தன் பங்குக்குச் சட்டியோடு ஆள் அனுப்பினாள். தின்றுவிட்டு அவளும் பந்தியில் முழங்கால் போட்டாள். பாதிரியார் வரும்போதெல்லாம் உபதேசியார் முதல் ஆளாக முழங்கால் போட்டார். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நைனா நெஞ்சு நோயில் போனார். கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலி ஓரத்தில்தான் இடம் கொடுத்தார்கள். அக்கா வந்து அழுதாள். போகும்போது என்னிடம், "எங்க வூட்டுக்காரங்க முன்னாடி அந்தப் பழைய பேச்சை எடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நல்லபடியாக வாழ்ந்தாள். அதற்காவது நான் தலையை ஆட்டியது உதவியது. அதனால் அவளிடம் நான் சண்டை பிடித்ததில்லை. ஆனால் அவளை நான் மன்னித்ததும் இல்லை, உபதேசியாரையும் இல்லை, சிரித்துவிட்டுச் சும்மா நின்ற அந்த ஜனத்தையும் இல்லை. பந்தியில் கோழிக் காலைக் கடித்துக்கொண்டு சிரித்த அம்மாளே, உங்கள் பாட்டனாரும் அந்தப் படியில் நின்றிருப்பார்.

வருஷம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கோயிலுக்கு அப்போது தகரக் கூரையா, ஓடு போட்டாகிவிட்டதா என்பதும் சந்தேகம். செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்றேன், திங்களாகவும் இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். கோயிலில் அந்தப் பழைய புத்தகத்தைச் செல்லரிக்காமல் வைத்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். என் நைனா பெயருக்கு நேரே உடும்பு என்று எழுதியிருந்தால் அது சரி. உபதேசியார் வீட்டுக்குப் போனது முயல் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அது பொய், அதைச் சொன்னவள் நான். பழைய எழுத்தைப் படிக்க எனக்குக் கண் போதாது. யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.